கடலோர வெந்நீர் ஊற்று விடுதியில் குழந்தைகளோடு ஓர் இரவு: ஷிராஹாமாவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் கடலைப் பார்த்தபடி நிற்கும் வெந்நீர் ஊற்று விடுதிக்கு நாம் கொடுக்கும் பணம் வெறும் அறை வாடகை அன்று. பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 10 மணி அளவில் முடியும் ஓர் ஒழுங்குக்கான கட்டணம் அது. வந்ததும் ஒரு குளியல், இரவு உணவு, உறங்குமுன் இன்னொரு குளியல், விடியலில் மற்றொன்று, பிறகு காலை உணவு என்ற வரிசைதான் அங்கே விற்கப்படுகிறது. இதை அறியாமல் பகல் முழுவதும் ஊர் சுற்றிவிட்டு, இரவு 8 மணிக்குத் தூங்கி வழியும் குழந்தைகளைத் தோளில் சுமந்தபடி வந்து சேரும் குடும்பம் கொடுத்த பணத்தில் பாதியை வாசலிலேயே தொலைத்துவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் சுற்றிப் பார்க்கும் இடங்களுக்குக் குறைவாகவும் விடுதிக்குள் கழியும் நேரத்திற்கு மிகுதியாகவும் இடம் தந்திருக்கிறேன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வெந்நீர் ஊற்றை ஜப்பானியர் ‘ஒன்சென்’ என்பர். 1948ஆம் ஆண்டின் ஒன்சென் சட்டப்படி, தரையிலிருந்து வெளிப்படும் இடத்தில் நீர் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமாவது கொண்டிருக்க வேண்டும், அல்லது சட்டம் பட்டியலிடும் 19 கனிமப் பொருள்களில் ஒன்றையாவது குறிப்பிட்ட அளவில் கொண்டிருக்க வேண்டும். எனவே ‘ஒன்சென்’ என்று எழுதியிருந்தாலே நீர் கொதிநிலையில் பொங்கி வருகிறது என்று பொருளில்லை. பல விடுதிகள் நீரைச் சூடாக்கியோ ஆறவைத்தோதான் தொட்டிக்கு அனுப்புகின்றன.

கடலும் ஊற்றும் சேர்ந்த ஊர்கள் அந்நாட்டில் பல உண்டு. தோக்கியோவிலிருந்து செல்வோருக்கு இசு தீபகற்பத்தின் அதாமியும் இதோவும் பக்கம். கியூஷுத் தீவில் பெப்புவும், சூடான மணலில் புதைந்து கிடக்கும் குளியலுக்குப் பேர்போன இபுசுகியும் இருக்கின்றன. குழந்தைகளோடு முதன்முறை செல்வோருக்கு நான் சொல்வது வாகயாமா மாநிலத்தின் ஷிராஹாமாவைத்தான். ஒசாகாவிலிருந்து ஒரே ரயிலில் போய்விடலாம் என்பது ஒரு காரணம். வெண்மணல் கடற்கரை, ஊற்றுகள், மழை பெய்தால் ஒதுங்க ஒரு மீன் காட்சியகம் ஆகிய எல்லாமே ஒரு சிறிய ஊருக்குள் அடங்கிவிடுகின்றன என்பது மற்றொன்று. ஊரின் பழமையும் சாதாரணமானதன்று: பேரரசி சைமெய் 658ஆம் ஆண்டில் இங்கே நீராட வந்ததாக ஜப்பானின் தொன்மையான வரலாற்றுக் குறிப்பே பேசுகிறது. அங்குள்ள வெண்மணல் மட்டும் அவ்வளவு பழையதன்று. கரையின் மணலைக் கடல் அரித்துச் சென்றதால் 1989 முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் மணல் கொண்டுவந்து கொட்டினார்கள்.

எப்போது செல்வது

கடலில் இறங்குவதே நோக்கம் என்றால் ஜூலையும் ஆகஸ்டும்தான் காலம். ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் விடுமுறையில் கட்டணம் ஏறிவிடும், அறையும் கிடைக்காது, அதன் பிறகு கடலில் சொறிமீன்களும் பெருகும். ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரையிலான தொடர் விடுமுறையையும் புத்தாண்டையும் தவிர்க்கலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் சூறாவளி வந்தால் கரையோர ரயில் நின்றுவிடக்கூடும் என்பதால், கடைசி நாளை விமானத்தோடு ஒட்டி வைக்காமல் ஒருநாள் இடைவெளி விடுவது நல்லது. குளியலுக்காகவே செல்வதானால் நவம்பர் முதல் மார்ச் வரைதான் சிறந்தது. குளிர்ந்த கடற்காற்று முகத்தில் அடிக்க, கழுத்துவரை வெந்நீரில் அமர்ந்திருக்கும் சுகம் கோடையில் கிடைக்காது.

முன்பதிவு: இங்கேதான் பிழைகள் நேர்கின்றன

நம் ஊர் ஓட்டல்களில் அறைக்கு இவ்வளவு என்று கணக்கு. மரபான ஜப்பானிய விடுதியிலோ ஆளுக்கு இவ்வளவு என்றே விலை சொல்வார்கள். திரையில் தெரியும் 15,000 யென் ஒருவருக்கான தொகையாக இருந்தால், கணவன் மனைவிக்கு 30,000 யென் ஆகும். அதன்மேல் குழந்தைகளின் கட்டணம் வரும். பல விடுதிகள் குழந்தைகளை வயதைப் பார்த்து மட்டுமல்லாமல், அவர்களுக்கு என்ன தேவைப்படுகிறது என்பதைப் பார்த்தும் பிரிக்கின்றன. தொடக்கப் பள்ளி மாணவருக்குப் பெரியவர் கட்டணத்தில் எழுபது விழுக்காடு, உணவும் படுக்கையும் வேண்டும் சிறு குழந்தைக்குப் பாதி, படுக்கை மட்டும் என்றால் முப்பது விழுக்காடு என்பது பரவலாகக் காணப்படும் முறை. இரண்டும் வேண்டாமல் தாயின் அருகிலேயே படுத்துக்கொள்ளும் மழலைக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை, அல்லது ஒரு சிறு தொகை. ஆகவே பதிவுப் படிவத்தில் குழந்தையின் வயது, உணவு, படுக்கை ஆகிய மூன்றையும் உள்ளபடியே நிரப்ப வேண்டும். குழந்தையை மறைத்துப் பதிவு செய்தால், அங்கே போய்ச் சேர்ந்தபின் உணவு இருக்கையும் படுக்கையும் கிடைக்காமல் தர்மசங்கடம் ஏற்படும்.

அடுத்து உணவுத் திட்டம். ‘ஒரு இரவு, இரண்டு வேளை உணவு’ என்பதே வழக்கமான திட்டம். உணவில்லாத திட்டமும் உண்டு, அது ‘சுதோமாரி’ எனப்படும். குழந்தைகள் உள்ள குடும்பங்கள் இரவு உணவுக்குத் தட்டுத் தட்டாக ஒன்றரை மணி நேரம் பரிமாறப்படும் மரபு விருந்தைக் காட்டிலும் பஃபே உள்ள விடுதியைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. ஜப்பானியர் பஃபேயை ‘பைகிங்கு’ என்பர். அது ‘வைக்கிங்’ என்ற சொல்லின் ஜப்பானிய ஒலிப்பு. தோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் 1958இல் அந்தப் பெயரில் தன் உணவகத்தைத் திறந்ததிலிருந்து அது நிலைத்துவிட்டது. ‘பஃபே’ என்று கேட்டு விழிப்பவரிடம் ‘பைகிங்கு’ என்று சொல்லிப் பாருங்கள்.

அறையைப் பொறுத்தவரை, பாய் விரித்த தாதாமி அறை தவழும் குழந்தைக்கு மிகவும் பாதுகாப்பானது: கட்டிலே இல்லாததால் விழுவதற்கும் வழியில்லை. ஆனால் தாத்தா பாட்டியும் உடன் வந்தால், தரையில் விரிக்கும் மெத்தையிலிருந்து எழுவது அவர்களின் முழங்காலுக்குச் சோதனை. கட்டிலும் தாதாமியும் ஒரே அறையில் அமைந்த ‘வாயோஷித்சு’ என்னும் கலப்பு அறையைக் கேட்டுப் பெறுங்கள். கைக்குழந்தை இருந்தால், குழந்தை ஆடை நிறுவனமான மிக்கி ஹவுஸைச் சேர்ந்த ஆய்வகம் சான்றளிக்கும் ‘வெல்கம் பேபி நோ ஓயாதோ’ விடுதிகளைத் தேடலாம். டயப்பர் தொட்டி, குழந்தை நாற்காலி போன்றவை அங்கே முன்கூட்டியே தயாராக இருக்கும்.

பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டியவை இன்னும் சில. குடும்பம் மட்டும் தனியே குளிக்கும் ‘காஷிகிரி புரோ’ உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா, முன்பதிவு தேவையா? ரயில் நிலையத்திலிருந்து விடுதி வண்டி வருமா? பச்சை குத்தியவர்கள் பொதுக் குளியலில் அனுமதிக்கப்படுவார்களா? கடைசிக் கேள்வி நமக்கும் உரியதுதான். 2015இல் ஜப்பானியச் சுற்றுலா முகமை நடத்திய கணக்கெடுப்பில், பதிலளித்த விடுதிகளில் பாதிக்கும் மேற்பட்டவை பச்சை குத்தியவர்களை மறுப்பதாகத் தெரிவித்தன. குற்றக் கும்பல்களின் உடற்சித்திரங்களால் உண்டான தயக்கம் அது. முன்கையில் கோலம்போல் பச்சை குத்திய நம் பாட்டிமார் அதில் சிக்கிக்கொள்ள நேரிடும். முன்பே கேட்டுவிட்டால், மறைக்கும் ஒட்டுத்துணியோ தனிக் குளியலறையோ தந்து பல விடுதிகள் வழிசெய்கின்றன.

சைவம் உண்பவர்களுக்கு

சைவக் குடும்பங்களுக்கு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கடலோர விடுதியின் பெருமையே மீன்தான். இறைச்சியும் மீனும் கண்ணுக்குத் தெரியாத சோயா சாறு, காய்கறிக் கூட்டு, மிசோ சூப் ஆகியவற்றிலும் ‘தாஷி’ என்னும் சாறு கலந்திருக்கும். அது பெரும்பாலும் உலர்த்திய போனிட்டோ மீனைச் சீவி எடுப்பது. ‘நிகு மோ சகானா மோ தாபேமாசென்’, அதாவது இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்று சொன்னால் மட்டும் போதாது, ‘தாஷி மோ’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை அங்கே சென்று சேர்ந்த மாலையில் சொல்வதில் பயனில்லை. சமையலறை ஏற்பாடு செய்ய வேண்டுமானால் பதிவின்போதே தெரிவித்து, அவர்களால் முடியுமா என்பதற்குத் தெளிவான பதிலைப் பெற வேண்டும். முடியாது என்று பதில் வந்தால் வருந்தாமல் காலை உணவு மட்டும் உள்ள திட்டத்தை எடுத்துக்கொண்டு, இரவுக்கு நாமே கொண்டுபோன உணவைக் கடற்கரையில் அமர்ந்து உண்ணலாம். வாகயாமா மாநிலம் ஜப்பானிலேயே மிகுதியாக ஊமே என்னும் புளிப்பான பிளம் வகைக் காய் விளையும் இடம். அதை உப்பிலிட்டுச் செய்யும் ஊமேபோஷி வெறும் சோற்றுக்கு நம் ஊறுகாயைப் போலவே துணைபுரியும். சில வகைகளில் போனிட்டோ சீவல் சேர்ப்பதுண்டு என்பதால் அதையும் கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

சென்று சேர்தல்

ஷின்-ஒசாகா, தென்னோஜி நிலையங்களிலிருந்து ‘குரோஷியோ’ விரைவு ரயில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஷிராஹாமாவை அடைகிறது. கான்சாய் விமான நிலையத்தில் இறங்குவோர் ஒசாகா நகருக்குள் போக வேண்டியதில்லை, ஹினேனோ நிலையத்தில் மாறி ஏறலாம். போகும்போது வலப்பக்க இருக்கைகளைக் கேட்டு வாங்குங்கள், கடல் அந்தப் பக்கம்தான் வரும். ஆறு முதல் பதினொரு வயது வரையிலான குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம். ரயில் நிலையம் கடற்கரையிலிருந்து தள்ளி இருப்பதால், அங்கிருந்து பேருந்திலோ விடுதி வண்டியிலோ செல்ல வேண்டும்.

பிற்பகல் 3 மணிக்கே விடுதியில் இருப்பதைக் குறிக்கோளாகக் கொள்ளுங்கள். அதற்கு முன்பே வந்துவிட்டால் பெட்டிகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போகலாம். வெளிநாட்டினர் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அந்த நேரத்திலேயே இரவு உணவு நேரத்தையும் தனிக் குளியலறைக்கான நேரத்தையும் குறித்துவிட வேண்டும், ஏனெனில் மாலை 5 மணிக்கு மேல் நல்ல நேரங்கள் எல்லாம் போய்விட்டிருக்கும். சிறு குழந்தைகளோடு இருப்போர் முதல் சுற்று உணவையே கேட்பது நல்லது.

அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் வெளியேறும் வழி வரைபடத்தைப் பாருங்கள். இது வெறும் சம்பிரதாயமன்று. இந்தக் கடற்கரை, பெருநிலநடுக்கங்கள் உருவாகும் நன்காய் என்னும் கடலடி அகழியை நோக்கி நிற்கிறது. 2024 ஆகஸ்ட் 8ஆம் தேதி கியூஷுவின் கடலோரத்தில் 7.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது, பெருநிலநடுக்க வாய்ப்பு கூடியிருப்பதாக அரசு முதன்முறையாக அறிவித்தது. ஷிராஹாமா ஊராட்சி கோடைக் கூட்டம் உச்சத்தில் இருந்த வேளையிலும் தன் கடற்கரைகளை ஒரு வாரம் மூடியது. நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தால் சுனாமி அறிவிப்புக்குக் காத்திராமல் உயரமான இடத்திற்கு ஏற வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கும் ஒரு முறை சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

குளியல்: தனியறையில் ஒத்திகை, பிறகு பெருங்கூடம்

குற்றால அருவியில்கூட உடையோடு நின்று பழகிய நமக்கு, அறிமுகமில்லாதவர்கள் நடுவே ஆடையின்றிக் குளிப்பது எளிதன்று. ஒன்சென் பொதுக் குளியல் கூடத்தில் நீச்சலுடைக்கு அனுமதியில்லை. ஆண்களும் பெண்களும் தனித்தனிக் கூடங்களில், முழுமையாக ஆடை களைந்தே குளிக்க வேண்டும். இந்தக் கூச்சத்தை வலிந்து வெல்ல வேண்டியதில்லை. முதல் குளியலைக் குடும்பத்தின் தனிக் குளியலறையில் வைத்துக்கொண்டு, பொதுவாக 45 அல்லது 50 நிமிடம் கிடைக்கும் அந்த நேரத்தில் முறைகளை எல்லாம் குழந்தைகளுக்குப் பழக்கிவிட்டால், பிறகு பெருங்கூடத்துக்குப் போவதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடலாம். போகாமலே திரும்புவதிலும் குறையொன்றும் இல்லை.

முறை இதுதான். உடைமாற்றும் அறையில் ஆடைகளைக் கூடையில் வைத்துவிட்டு, சிறிய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே செல்ல வேண்டும். சுவரோரம் வரிசையாக இருக்கும் குட்டை முக்காலியில் அமர்ந்து, அருகிலுள்ள குழாயில் சோப்பும் ஷாம்பூவும் போட்டு உடலை நன்றாகத் தேய்த்துக் கழுவி நுரையை முழுவதும் போக்கிவிட வேண்டும். நின்றபடி குளித்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். தொட்டி ஊறுவதற்கு மட்டுமே, அழுக்குப் போக்குவதற்கு அன்று. தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் அது முற்றிலும் போகும்வரை தொட்டிக்குள் இறங்கக் கூடாது, நீர்ப்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் எல்லோர் கண்ணிலும் படும். நீண்ட கூந்தலைத் தூக்கிக் கட்ட வேண்டும். சிறு துண்டை நீரில் நனைக்காமல், மடித்துத் தலைமேலோ கரையிலோ வைக்க வேண்டும்.

இறங்குமுன் தொட்டி நீரைச் சிறு வாளியில் மொண்டு முதலில் பாதம், பிறகு தொடை, இடுப்பு, தோள் என்ற வரிசையில் ஊற்றிக்கொள்ளுங்கள். ‘காகேயு’ எனப்படும் இந்த வழக்கம் தூய்மைக்காக மட்டுமல்ல, திடீர் வெப்பத்தால் இரத்த அழுத்தம் தாறுமாறாக மாறுவதைத் தவிர்க்கவும் உதவுகிறது. தொட்டி நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். குழந்தைகளுக்கு ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடமே போதும். முகம் சிவந்தாலோ பேச்சு குறைந்தாலோ உடனே வெளியே எடுத்துத் தண்ணீர் கொடுங்கள். பெரியவர்களும் முதல் நாளில் இரண்டு மூன்று முறைக்கு மேல் இறங்காமல் இருப்பது நல்லது. வயிறு நிறைய உண்டவுடனும் மது அருந்திய பிறகும் இறங்கவே கூடாது. இதயக் கோளாறு உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். கருவுற்ற பெண்கள் ஒன்சென்னில் குளிக்கக் கூடாது என்று முன்பிருந்த எச்சரிக்கையை ஜப்பான் அரசு 2014இல் நீக்கிவிட்டது. ஆயினும் அவர்களும் தம் மருத்துவரின் சொல்லையே கேட்பது நன்று. மாதவிடாய் நாள்களில் பொதுத் தொட்டியைத் தவிர்த்து அறையின் ஷவரைப் பயன்படுத்துவதே வழக்கம்.

கடலோர ஊற்றுகளில் உப்புச் சத்து மிகுதி. அந்த உப்பு தோலின் மேல் மெல்லிய படலமாய்ப் படிந்து உடல் சூட்டை வெளியே விடாமல் வைத்திருப்பதால், குளித்து வெகுநேரம் ஆன பிறகும் உடம்பு கதகதப்பாகவே இருக்கும். இதே உப்பு, பகலெல்லாம் கடலில் ஆடி வெயிலில் காந்திய குழந்தையின் முதுகில் பட்டால் எரியும். ஆகவே கடல் குளியல் உள்ள நாளில் முழுக்கைச் சட்டையோடு குழந்தைகளைக் கடலில் விடுங்கள். சில ஊற்றுகளில் கந்தகம் கலந்திருக்கும். வெள்ளிக் கொலுசும் மெட்டியும் அதில் கறுத்துவிடும் என்பதால் அவற்றைக் கழற்றி அறைப் பெட்டகத்தில் வைத்துவிடுவது பாதுகாப்பு.

எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்ற கேள்வி தந்தையோடு தனியாக வரும் மகளுக்கும் தாயோடு வரும் மகனுக்கும் எழும். முன்பு பத்து வயது வரை எந்தப் பக்கமும் போகலாம் என்றிருந்த வழிகாட்டு நெறியை 2020 டிசம்பரில் அரசு ஏழு வயதாகக் குறைத்தது. அதைப் பின்பற்றி மாநிலங்களும் தம் விதிகளை மாற்றின. ஏழு வயது நிரம்பிய பிள்ளை தன் பக்கத்துக்கே செல்ல வேண்டும். டயப்பர் பழக்கம் விடாத குழந்தைகளைப் பெருந்தொட்டியில் பெரும்பாலான விடுதிகள் அனுமதிப்பதில்லை. அவர்களுக்குத் தனிக் குளியலறைதான் வழி. வாசலில் தொங்கும் திரைச்சீலை பெண்களுக்குச் சிவப்பு, ஆண்களுக்கு நீலம் என்பது வழக்கம். ஆனால் பல விடுதிகள் இரவோடு இரவாக இரண்டு கூடங்களையும் இடம் மாற்றிவிடும், இருவரும் இரண்டு காட்சிகளையும் காணட்டும் என்பதற்காக. நேற்று இரவு போன வழியிலேயே காலையில் தூக்கக் கலக்கத்தோடு நுழைந்துவிடாதீர்கள்.

உள்ளே கைபேசி கூடவே கூடாது. வெளியேறும்போது உடல் நீரைச் சிறு துண்டால் துடைத்த பின்னரே உடைமாற்றும் அறையில் கால் வைக்க வேண்டும். பிறகு அணியும் யுகாதா அங்கியின் இடப்புற மடிப்பு மேலே வர வேண்டும். வலப்புறம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

இரவும் மறுநாள் காலையும்

யுகாதாவோடு உணவுக் கூடத்துக்கும் செல்லலாம் என்பது பெரும்பாலான ஒன்சென் விடுதிகளின் வழக்கம். தாதாமி அறை என்றால் நீங்கள் உண்டு திரும்புவதற்குள் பணியாளர் மெத்தை விரித்துவைத்திருப்பார். அவருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. தாதாமியின் மேல் செருப்போ பெட்டியின் சக்கரமோ படக் கூடாது.

காலை உணவுக்கு முன் கூடம் திறந்தவுடன் செல்லும் குளியலை மட்டும் தவறவிடாதீர்கள், கூட்டம் இருக்காது. அறையைக் காலி செய்தபின் நேரம் இருந்தால், சாகினோயு என்ற பழைய திறந்தவெளிக் குளியலிடத்துக்குப் போகலாம். அலை வந்து மோதும் பாறைகளுக்கு நடுவே அமைந்த அங்கே சோப்பு போடக் கூடாது, கடல் கொந்தளித்தால் மூடிவிடுவார்கள். குழந்தைகளுக்குக் கியோத்தோ பல்கலைக்கழகம் 1930 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கும் மீன் காட்சியகம் பிடிக்கும். உள்ளூர்க் கடலின் நண்டும் நட்சத்திர மீனும் கடற்பஞ்சுமே அங்கு நாயகர்கள். சந்தன்பெகி செங்குத்துப் பாறையில் மின்தூக்கி 36 மீட்டர் கீழே குகைக்குள் இறக்கிவிடுகிறது. ‘அட்வென்சர் வேர்ல்டு’ பூங்காவில் பாண்டா கரடி பார்க்கலாம் என்று மட்டும் வாக்களித்துவிடாதீர்கள். எஞ்சியிருந்த நான்கும் 2025 ஜூனில் சீனாவுக்குத் திரும்பிவிட்டன.

கணக்குத் தீர்க்கும்போது பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு வழக்கமாக 150 யென் ஒன்சென் வரி தனியாக வரும், பெரும்பாலான ஊர்களில் குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. விடுதியின் பெயர் அச்சிட்ட மெல்லிய சிறு துண்டைப் பல இடங்களில் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். பெரிய துவாலையும் யுகாதாவும் விடுதிக்கே உரியவை. எடுக்கலாமா என்ற ஐயம் இருந்தால் வரவேற்பறையில் கேட்டுவிட்டு எடுங்கள். ஈரத் துண்டுக்கென ஒரு பிளாஸ்டிக் பையை ஊரிலிருந்து வரும்போதே பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.